விறகு அடுப்பு மேடையின் மரச் சட்டம்: எது கழன்றால், எது கறுத்தால் என்ன செய்வது

கடலூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டு விறகு அடுப்பு மேடைக்குத்தான் முதன்முதலாக மரச் சட்டம் அடித்தேன். மேடையின் சிமென்ட் விளிம்பு உடைந்து உடைந்து அம்மாவின் புடவையைக் கிழித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் சித்தப்பா வீடு, அக்கம்பக்கத்து வீடுகள், புதுச்சேரியில் விறகு அடுப்பில் ரொட்டி சுடும் ஒன்றிரண்டு இடங்கள் என்று வேலை தொடர்ந்தது. அடித்துக் கொடுத்த நாட்களைவிடப் பழுது பார்க்கப் போன நாட்கள்தான் அதிகம். ஆடிக் கூழ் காய்ச்சி முடிந்ததும் ஒரு கூப்பிடு வரும், பொங்கல் கழிந்து ஒன்று வரும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு இன்னொன்று வரும். பழுதுகள் எல்லாம் ஒரே மாதிரிதான். அதனால் கண்ணில் படும் அறிகுறியை வைத்தே எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள்.

அதற்கு முன் மூன்று விஷயம். அடுப்பு ஒரு ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். மேலே சாம்பல் சில்லென்று இருந்தாலும் அடியில் கங்கு உயிரோடு இருக்கும். சட்டத்துக்குப் பின்னால் வயர் ஓடுகிறதா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத் துளை போடுங்கள். அதே சமையலறையில் காஸ் அடுப்பும் இருந்தால் ரப்பர் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே டிரில்லை எடுங்கள்.

சட்டம் கறுத்திருக்கிறது, அல்லது தொட்டால் சுடுகிறது

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற பழுதுகள் ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

முதலில் அது கரியா, கருகலா என்று தெரிய வேண்டும். ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பு தொட்டுத் தேயுங்கள். துணி கறுத்து, மரம் பழுப்பாகத் தெரிந்தால் அது வெறும் புகைக்கரி. துடைத்துவிட்டு, புகை ஏன் முன்பக்கம் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஈர விறகோ, அடைத்துக்கொண்ட புகைப்போக்கியோதான் காரணம். தேய்த்தும் கறுப்பு போகவில்லையா? கத்தி முனையால் ஒரு இடத்தில் லேசாகச் சுரண்டுங்கள். நல்ல மரம் என்றால் சுருள் சுருளாக நார் வரும். கருகிய மரம் கரித்தூளாக உதிரும், கத்தியும் எதிர்ப்பில்லாமல் உள்ளே இறங்கும். ஒரு வீட்டில் அடுப்பு வாய்க்கு மேலே இருந்த பலகையின் முகப்பு பாலிஷோடு பளபளவென்று இருந்தது. கழற்றித் திருப்பினால் பின்பக்கம் கட்டை விரல் அகலத்துக்கு முதலைத்தோல் மாதிரி பாளம் பாளமாக வெடித்துக் கரியாகிக் கிடந்தது. முன்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

கருகல் இல்லை, ஆனால் சுடுகிறது என்றால் ஒரு சோதனை. அடுப்பு ஒரு மணி நேரம் நன்றாக எரிந்த பிறகு சட்டத்தில் உள்ளங்கையைப் பதித்து ஐந்து எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்வரை கையை வைத்திருக்க முடிந்தால் பரவாயில்லை. முடியவில்லை என்றால் அந்த மரம் அங்கே இருக்கக் கூடாது. “பத்து வருஷமா இப்படித்தாங்க இருக்கு, ஒண்ணும் ஆகலையே” என்பார்கள். நாள்பட்ட சூட்டில் மரம் உள்ளுக்குள் மெல்ல மெல்லக் கரியாகிக்கொண்டே வரும். அப்படிப் பதப்பட்ட மரம், புது மரம் பற்றும் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பத்து வருடம் தாக்குப்பிடித்தது என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை.

காரணங்களைச் செலவில்லாததிலிருந்து பார்ப்போம்.

விறகு நீளம். நம் பக்கம் சவுக்குதான் அதிகம் எரிக்கிறோம். மூன்றடிக் கழியை அப்படியே சொருகினால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தீ கழி வழியாகவே விளிம்புச் சட்டத்துக்கு வரும். ஒன்றரை அடிக்கு வெட்டி வையுங்கள். நான் பார்த்த கருகல்களில் பாதிக்கு இதுவே போதுமாக இருந்தது.

எரிபொருள். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முந்திரி ஓடு வாங்கி எரிப்பவர்கள் உண்டு. அதில் எண்ணெய் இருப்பதால் தீ குபுகுபுவென்று வெளியே சீறும். மரச் சட்டம் உள்ள அடுப்பில் அதைப் போடாதீர்கள்.

பாத்திரம். அடுப்பு வாயைவிடப் பெரிய அண்டாவை ஏற்றினால் தீ மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் வழியும். கூழ் காய்ச்சும் நாளில் நடப்பது இதுதான். அன்றைக்கு மட்டும் முற்றத்தில் மூன்று கல் கூட்டிக்கொள்ளுங்கள்.

தூரம். இதுதான் அடிப்படைக் கோளாறு, சரிசெய்யச் சட்டத்தைக் கழற்றியாக வேண்டும். நமக்கு இதற்கென்று ஊரறிந்த கணக்கு இல்லை. குளிர்நாடுகளில் வீட்டுக்குள் கணப்பு, அதாவது குளிர்காயும் அடுப்பு, வைப்பவர்களிடம் கறாரான அளவு உண்டு. அமெரிக்க வீடு கட்டும் விதியில், கணப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரமே கூடாது. 6 முதல் 12 அங்குலத்துக்குள் இருக்கும் மரம், வாயிலிருந்து விலகியிருக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரைக்கால் (1/8) அங்குலம் மட்டுமே முன்னால் துருத்தலாம். அதாவது 8 அங்குலம் தள்ளி இருந்தால் 1 அங்குலத் துருத்தல்தான். ரொட்டி அடுப்பின் வளைவு வாயைச் சுற்றி அலங்காரச் சட்டம் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் டேப் வைத்துக் காட்டுகிறேன். இது செங்கல்லால் கட்டிய வாய்க்கான கணக்கு. இரும்பு அடுப்பு என்றால் சூடு நாலா பக்கமும் அடிக்கும். சான்று பெறாத இரும்பு அடுப்புக்கு அங்கே சொல்லும் இடைவெளி 36 அங்குலம். 24 கேஜ் கனமுள்ள இரும்புத் தகட்டை, பின்னால் 1 அங்குலம் காற்று ஓடும்படி சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினால் அதை 12 அங்குலம்வரை குறைக்கலாம். தகட்டின் அடியும் தலையும் திறந்திருக்க வேண்டும். தகட்டைச் சுவரோடு ஒட்டி அடித்தால் ஒரு பயனும் இல்லை, காற்று ஓடினால்தான் சூடு கழியும். தகட்டைத் தாங்கும் துண்டுகளும் மரமாக இருக்கக் கூடாது, இரும்புக் குழாயை நறுக்கி வையுங்கள்.

வெப்பத் தடுப்புக்காகப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை உடைத்துப் பின்னால் சொருகியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதை அறுக்காதீர்கள், துளைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரிய கெடுதல்.

எப்போது ஆள் கூப்பிடுவது? சட்டத்துக்குப் பின்னால் செங்கல்லிலோ பூச்சிலோ விரிசல் ஓடி, அந்த வழியாகச் சூடோ வெளிச்சமோ வந்தால் அது மரவேலை இல்லை. அடுப்பு கட்டத் தெரிந்த கொத்தனாரை வரவழையுங்கள், அவர் வந்து பார்க்கும்வரை பற்றவைக்காதீர்கள். அடுப்பு அணைந்த பிறகும் மரத்துக்குப் பின்னாலிருந்து புகை கசிந்தாலோ, தீய்ந்த வாசனை நின்றுகொண்டே இருந்தாலோ ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு 101-க்கு அழையுங்கள். கடப்பாரையால் நெம்பிப் பார்க்க வேண்டாம். காற்றுப் பட்டால் கங்கு கொழுந்துவிடும்.

சட்டம் கழன்று ஆடுகிறது, சுவரை விட்டுப் பிரிகிறது

விரலால் தட்டுங்கள். பின்னால் டொக் டொக் என்று காலியாகக் கேட்கும் இடத்தில் பிடிப்பு போய்விட்டது.

பசையால் மட்டும் ஒட்டியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை சூட்டில் இளகும், ஈரத்தில் ஊறும். அடுப்பு மேடையில் இரண்டும் தினமும் உண்டு. பழைய பசையைச் சுரண்டிவிட்டு ஸ்குரூ போடுங்கள், வேறு வழியில்லை.

ஸ்குரூ இருந்தும் ஆடுகிறதா? ஒன்றைக் கழற்றி நீளம் பாருங்கள். ஒன்றரை அங்குலம் என்றால் கணக்கு இதோ: 38 மி.மீ. ஸ்குரூவில் முக்கால் அங்குலச் சட்டமே 19 மி.மீ. தின்றுவிடும். மீதி 19 மி.மீ. பூச்சுக்குள்ளேயே முடிந்துவிடும், செங்கல்லைத் தொடவே தொடாது. இரண்டரை முதல் மூன்று அங்குலம் போட்டால்தான் பூச்சைத் தாண்டி செங்கல்லில் ஒரு அங்குலம் வாக்கிலோ அதற்கு மேலோ இறங்கும். 8-ஆம் நம்பர் ஸ்குரூவுக்கு 6 மி.மீ. பிளக் (துளைக்குள் சொருகும் பிளாஸ்டிக் குழல்), 6 மி.மீ. பிட் (டிரில்லில் மாட்டும் துளைமுனை). பிளக்கின் தலை பூச்சில் நிற்கக் கூடாது. ஆணியால் தட்டிச் செங்கல்லுக்குள் இறக்குங்கள்.

துளை போடும்போது வரும் தூள்தான் உங்களுக்கு வழிகாட்டி. சாம்பல் நிறத் தூள் சிமென்ட் பூச்சு. அதன் பிறகு சிவப்புத் தூள் வர வேண்டும். சிவப்பு வராமல் சாம்பலாகவே வந்து, பிட்டும் சரசரவென்று இறங்கினால் செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்தில் மாட்டிக்கொண்டீர்கள், ஒன்றரை அங்குலம் தள்ளிப் போடுங்கள். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பழைய வீடுகளில் வெள்ளைத் தூள் வரும். அது சுண்ணாம்புச் சாந்து. அங்கே டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹாமர் முறையை அணைத்துவிட்டுச் சாதாரணச் சுற்றில் துளையுங்கள். ஹாமர் போட்டால் துளை கிணறு மாதிரி அகன்றுவிடும், பூச்சும் கையகலத்துக்குப் பெயர்ந்து விழும். அகன்ற துளைக்குப் பழைய ஆசாரிகள் செய்த வைத்தியமே இன்றைக்கும் நல்லது. காய்ந்த தேக்குத் துண்டை லேசாகக் கூம்பாகச் செதுக்கி, ஆப்பு மாதிரி இறுக அடித்து, சுவர் முகத்தோடு சமமாக அறுத்துவிட்டு, அதன் நடுவில் ஸ்குரூ போடுங்கள். ஆனால் இது வாயிலிருந்து தூரமாக உள்ள இடத்துக்குத்தான். சூடு படும் இடத்தில் பிளாஸ்டிக் பிளக்கும் இளகும், ஆப்பும் சுருங்கும். அங்கே இரும்பு ஆங்கர், அதாவது துளைக்குள் விரிந்து பிடிக்கும் இரும்புப் பிளக், போட வேண்டும்.

அகலப் பலகை என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். மரம் நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். மேல் வரிசை ஸ்குரூவை இறுக்கமாகவும், கீழ் வரிசைக்கு மரத்தில் மேல்கீழாக நீண்ட துளை போட்டு வாஷரோடும் பூட்டுங்கள். இரண்டு வரிசையையும் இறுக்கினால் பலகை நடுவில் வெடிக்கும்.

பூச்சே சுவரிலிருந்து உப்பிப் பெயர்ந்து வந்தால் சட்டத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் கொத்தனார்.

மூலையில் இடைவெளி விடுகிறது

45 டிகிரியில் வெட்டிச் சேர்த்த மூலையைக் குனிந்து உற்றுப் பாருங்கள். இடைவெளி உள்பக்கம், அதாவது அடுப்பு வாய்ப் பக்கம் திறந்திருந்தால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. வெளிப்பக்கம் திறந்திருந்தால் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. இந்த ஒரு பார்வையிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

வெளிப்பக்கம் திறந்து, மாதமும் கார்த்திகை என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். தை மாசியில் தானே மூடிக்கொள்ளும். உள்பக்கம் திறந்து அது சித்திரை வெயில் காலம் என்றால், அப்போதும் பட்டியும் மரத்தூளும் வைத்து அடைக்காதீர்கள். மழையில் மரம் ஊதும்போது அந்த அடைப்பு மூலையை நெம்பித் தள்ளிவிடும். வருடம் முழுக்கப் பார்த்து, எந்த மாதத்திலும் மூடாத இடைவெளியை மட்டும் சரிசெய்யுங்கள்.

எந்த மாதத்திலும் மூடவில்லை என்றால் அடித்தபோதே மரம் பச்சையாக இருந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அந்தப் பலாவை வாங்கி அறுத்து, ஆறு மாதத்துக்குள் சட்டம் அடித்தவர்கள் எல்லோருக்கும் மூலை திறந்தது. அதே மரத்துப் பலகையைப் பரணில் போட்டு வைத்து இப்போது எடுத்து அடிப்பவர்களுக்கு அசைவதே இல்லை. பலா அருமையான மரம், அதற்கு நாள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

திரும்ப அடிக்கும்போது சாய்வு மூலையை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. இரண்டு நிலைச் சட்டம், அவற்றின் தலையில் குறுக்குச் சட்டம் இருபுறமும் கால் அங்குலம் நீட்டி உட்காரட்டும். நம் பழைய வாசற்கால் பாணிதான். சுருங்கினாலும் ஊதினாலும் கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தின் விளிம்புக்கும் பக்கத்துச் செங்கல்லுக்கும் நடுவே கால் அங்குல இடைவெளி விடுங்கள், அதை எதைக் கொண்டும் நிரப்பாதீர்கள். அடுப்பு வாயிலிருந்து விட வேண்டிய தூரம் மேலே சொன்ன கணக்குதான்.

பாலிஷ் கொப்பளிக்கிறது, பிசுபிசுக்கிறது

அரக்கில் செய்த பழைய பாலிஷ் என்றால் இப்படித்தான் ஆகும். அரக்கு 75 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகும். அதனால் கொப்புளம் கண்டால் பாலிஷை மாற்றும் முன் மேலே சொன்ன ஐந்து எண்ணும் சோதனையைச் செய்யுங்கள். சூடு அளவோடு இருந்தால் தேய்த்து எடுத்துவிட்டு எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள், கொப்பளிக்க அதில் படலமே இல்லை.

ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஒன்றை மறக்கவே கூடாது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதுவும் அடுப்பங்கரையில். துணியை வாளித் தண்ணீரில் முக்கிவிடுங்கள், அல்லது வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள். பூச்சு முழுக்கக் காயும்வரை அடுப்பு மூட்டாதீர்கள்.

ஸ்குரூ தலையைச் சுற்றித் துருக் கறை

உப்புக் காற்று. கடலூர் முதுநகரிலும் புதுச்சேரிக் கடற்கரையிலும் சாதாரண இரும்பு ஸ்குரூ இரண்டு மழைக்காலம் தாண்டாது. கறை செம்பழுப்பாக இருந்தால் துரு, நீலம் கலந்த கறுப்பாக இருந்தால் மரத்தின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்த கறை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், இரும்பை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுவது. 304 ரகம் போதும், கடலைப் பார்த்த வீடு என்றால் 316 ரகம் கேளுங்கள்.

பித்தளை ஸ்குரூதான் அழகு என்பவர்கள், முதலில் அதே அளவு இரும்பு ஸ்குரூவை ஒருமுறை முழுக்க ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, பித்தளை மரையில் சோப்பைத் தேய்த்து ஏற்றுங்கள். நேராக ஏற்றினால் தலை முறிந்து கையோடு வரும், உடல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துருப்பிடித்த பழையது சுற்ற மறுத்தால் அதன் தலையில் சூடான சால்டரிங் அயர்னை இரண்டு நிமிடம் வைத்து, ஆறவிட்டுத் திருப்புங்கள். பெரும்பாலும் கழன்றுவிடும்.

கீழ்ச் சட்டம் ஊறுகிறது, தூள் கொட்டுகிறது

மேடையைக் கழுவும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு குவளை ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். தண்ணீர் சட்டத்தின் அடியில் தேங்கினால் சட்டத்தை அரை அங்குலம் மேலே தூக்கி அடியுங்கள், அடியில் காற்றும் துடைப்பமும் போகட்டும். அடிப்பக்க வெட்டுமுகத்துக்கு, அதாவது குறுக்கே அறுத்த நுனிக்கு, இரண்டு கை பூச்சு அதிகம் கொடுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த முகத்தில்தான்.

வெள்ளம் புகுந்த வீடு என்றால் வேறு முறை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளமும் கடலூருக்குள் வந்தபோது, நனைந்த சட்டங்களை வெயிலில் போட்டவர்களுக்கு எல்லாம் முறுக்கிக்கொண்டது. கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, நிழலில் துண்டுக் கட்டைகள் மேல் அடுக்கி, மேலே பாரம் வையுங்கள். காய்ந்ததா என்று தெரிய, ஒரு சிறு துண்டைச் சமையல் தராசில் வாரா வாரம் நிறுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் திரும்ப அடிக்கலாம். அடுப்பில் தீ மூட்டிக் காயவைக்க வேண்டாம், வெடித்துவிடும்.

தூள் கொட்டினால் அது என்ன என்று பாருங்கள். குண்டூசித் துளைகள், அடியில் மைதா மாதிரி மாவு என்றால் மரம் உளுக்கிறது. வெளிர் நிறமான வெளிமரப் பகுதியில்தான் இது வரும், வைரம் பாய்ந்த பகுதிக்குப் போகாது. அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். மண் பூசிய கோடுகள் சுவரில் ஏறினால் கரையான். கோட்டை ஒரு அங்குலம் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் கூடு உயிரோடு இருக்கிறது. அப்போது சட்டத்தை மாற்றிப் பிரயோஜனம் இல்லை, புதுச் சட்டத்தையும் அது தின்னும். கரையான் மருந்து அடிப்பவர்களைக் கூப்பிடுங்கள். அடுப்பு, அரிசிப் பானை, தண்ணீர்க் குடம் எல்லாம் அந்த அறையில்தான் இருக்கின்றன என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்து போட்ட மரத்தை அடுப்பில் எரிக்கக் கூடாது. கழித்த துண்டுகளை விறகு அடுக்கோடு கலக்காமல் அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.